மூணு தடவை ட்ரிப் ஆன எம்சிபி

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துல கரையைக் கடந்தப்போ நான் ஒன்பதாவது படிச்சிட்டு இருந்தேன். எங்க ஊர் பட்டுக்கோட்டை பக்கம். விடிஞ்சு பார்த்தா தென்னை மரமெல்லாம் படுத்துக் கிடக்கு, கூடவே கரண்ட் கம்பமும். டெல்டா முழுக்க லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சிருந்துச்சு. எங்க தெருவுக்குக் கரண்ட் வர இருபத்திரெண்டு நாள் ஆச்சு.

அப்பா கோயில் திருவிழா, கல்யாணத்துக்கெல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுறவர். 15 கேவிஏ டீசல் செட் ஒண்ணு, ட்ரெய்லர்ல ஏத்தியே இருக்கும். புயலுக்கு அப்புறம் அதுதான் ஊருக்கே தண்ணி. மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு நேரம், வீட்டு மோட்டார்களுக்கு மீதி நேரம்னு ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் ஓடுச்சு.

பள்ளிக்கூடம் லீவுங்கிறதால நான்தான் அசிஸ்டென்ட். காலையில இன்ஜின் சூடாகுறதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைச்சு ஆயில் பார்க்கணும். ரேடியேட்டர் தண்ணி பார்க்கணும். டீசல் ஃபில்டருக்கு அடியில இருக்கிற திருகைத் தளர்த்தி, தேங்கின தண்ணியை வடிக்கணும். மழை நேரத்துல கேன்ல வர்ற டீசலை நம்பவே முடியாது. ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்திப் பார்க்கணும். அப்புறம் ஹவர் மீட்டர் எண்ணை நோட்டுல எழுதணும். 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும். மத்த நாள்ல மாசக்கணக்குல இழுக்கிற அந்தக் கணக்கு, அப்போ பதினெட்டே நாள்ல முடிஞ்சிடுச்சு. ஊரே தண்ணிக்கு வரிசையில நிக்கிறப்போ அப்பா செட்டை நிறுத்திட்டு ஆயில் மாத்தினார். திட்டாத ஆள் இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது ஆயில் கதை இல்ல.

அப்பாகிட்ட இன்னொரு பிடிவாதம் இருந்துச்சு. எந்த வீட்டுக்குப் போனாலும் மோட்டார் ஒயரை ஸ்டார்ட்டர்ல இருந்து கழட்டி, நேரா செட்ல மாட்டுவார். வீட்டு ஒயரிங்கைத் தொடவே மாட்டார். அதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஒருநாள் அவர் டீசல் வாங்கப் போயிருந்தப்போ, ஒரு வீட்டு அத்தை, “தம்பி, ஃபேன் லைட்டெல்லாம் ஒரு மணி நேரம் ஓடட்டுமேப்பா, மாவு அரைச்சுக்கிறேன்”னாங்க. ரெண்டு பக்கமும் பிளக் வெச்ச ஒயர் ஒண்ணு அவங்க வீட்டுலயே இருந்துச்சு. ஒரு முனையைச் செட்ல சொருகினேன், இன்னொரு முனையை ஹால் சாக்கெட்ல. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணணும்னு எனக்குத் தோணவே இல்ல. கரண்ட்தான் இல்லையே!

எம்சிபி டக்குனு விழுந்துச்சு. திரும்பப் போட்டேன், விழுந்துச்சு. மூணாவது தடவையும் அதேதான். ‘எம்சிபி வீக் ஆயிடுச்சு போல, அதைச் சுத்தி நேரா ஒயர் கொடுத்துடலாமா’ன்னு யோசிச்சு, ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுத்துட்டேன்.

தெரு முனையில இருந்து ஒரு லைன்மேன் அண்ணன் ஓடி வந்தார். வேற மாவட்டத்துல இருந்து வேலைக்கு வந்தவர். “எவன்டா செட் போட்டது? மேல ஷார்ட் பண்ணின இடத்துல பொறி பறக்குது!”

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்க மூணு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஷார்ட் பண்ணி எர்த் பண்ணியிருக்காங்க. என் செட் கரண்ட் அத்தை வீட்டு மெயின் வழியா வெளிய போய் அந்த ஷார்ட்ல முட்டிருக்கு. அதனாலதான் எம்சிபி விழுந்திருக்கு. கம்பத்து மேல இன்னொருத்தர் உட்கார்ந்திருந்தார். அப்பா வந்து விஷயம் கேட்டதும் விட்ட அறை இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறம் அந்த ஒயரைக் கட்டிங் பிளேயரால துண்டு துண்டா வெட்டினார். அத்தைக்கு அதுல கொஞ்சம் வருத்தம்.

மேல இருந்தவர் சாயங்காலம் எங்க வீட்டுல டீ குடிச்சார். “எத்தனை தடவை போட்டே?”ன்னார். “மூணு”ன்னேன். அவர் அதுக்கு மேல ஒண்ணும் கேட்கல.

இப்போ நான் ட்ரிபிள் ஈ. டிரான்ஸ்ஃபார்மர் லேப்ல, எல்வி பக்கம் சப்ளை கொடுத்து ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட் பண்றப்போ, “ஹெச்வி பக்கத்தைத் தொடாதீங்க”ன்னு மேடம் சொன்னாங்க. எனக்குக் கை சில்லுன்னு ஆயிடுச்சு. தெருவுல நிக்கிறது 11,000/433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். கீழ இருந்து 230 வோல்ட் ஏத்தினா மேல கிட்டத்தட்ட 10,000 வோல்ட். வீட்டுல ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தா ஈபியும் செட்டும் ஒண்ணா சேரவே வழியில்ல. அன்னைக்கு அது இல்ல. அந்த ஷார்ட்டும் எம்சிபியும்தான் இருந்துச்சு. அதுல எம்சிபியைத்தான் நான் கழட்டப் பார்த்தேன்.

போன லீவுல ஊருக்குப் போனப்போ, செட் பேனல்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு புதுசா மாட்டினேன். பழைய எம்சிபியை மாத்தலாமான்னு கேட்டேன். “அது நல்லாத்தான்டா விழுது, இருக்கட்டும்”னார் அப்பா.