அக்காவின் பதினோராம் வகுப்பு

செஞ்சி என்றவுடன் பிறர்க்குத் தேசிங்குராசனும் அவன் தோழன் மகபத்கானும் நினைவுக்கு வருவர். எனக்கோ எங்கள் வீட்டுத் திண்ணையும், அதில் அமர்ந்து தங்கையின் பாடநூல்களைப் படித்த அக்காவுமே நினைவுக்கு வருகின்றனர்.

அக்கா 1975இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார், கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அந்நாளில் பள்ளிப்படிப்பு பதினோராண்டு. அதன்பின் ஓராண்டு பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பு. பிறகே மூவாண்டுப் பட்டப்படிப்பு. புகுமுக வகுப்போ கல்லூரியில்தான் நடந்தது. செஞ்சியில் அன்று கல்லூரி இல்லை. திண்டிவனம் செல்லவேண்டும், அன்றேல் திருவண்ணாமலை. பதினாறு வயதுப் பெண்ணை நாள்தோறும் பேருந்தில் அனுப்ப அத்தா ஒப்பவில்லை. கல்வி ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என்று ஜும்ஆ மேடையில் கேட்டுவந்தவர்தாம் அவர். அவரைக் குறைகூற மனம் வரவில்லை, கூறாதிருக்கவும் முடியவில்லை.

கோத்தாரிக் கல்விக்குழு 1966இல் அளித்த அறிக்கையின் வழியே 10+2+3 என்னும் அமைப்பு நாட்டில் பரவியது. தமிழகம் 1978இல் அதனை ஏற்றது. பள்ளியிறுதித் தேர்வு பத்தாம் வகுப்பிற்கு வந்தது. புகுமுக வகுப்பு மறைந்தது. மேனிலைக் கல்வி ஈராண்டு பிறந்தது. அவ்வீராண்டை ஆந்திரத்தார் இளநிலைக் கல்லூரிகளில் வைத்தனர். நம்மவர் பள்ளிகளிலேயே வைத்தனர். நிருவாகத்தார்க்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றலாம். கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லாகான் பள்ளிவாசல் 1717-18இல் எழுந்தது. எங்கள் தெருப் பெண்களின் கல்வி வரலாறோ 1978இல்தான் தொடங்குகிறது என்பேன்.

1982இல் தங்கை பத்தாம் வகுப்பை முடித்தபோது பேருந்துப் பேச்சே எழவில்லை. அதே பள்ளி, அதே தெருவழி, அறிமுகமான ஆசிரியர்கள். யாரிடமும் இசைவு கேளாமலே அவள் பதினோராம் வகுப்பில் போய் அமர்ந்தாள். அக்காவுக்கு அதற்குள் மணமாகியிருந்தது. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் மாலைதோறும் வருவார். பத்தாம் வகுப்புவரை தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மேனிலைக் கணக்கில் தமக்குப் புரியாதவற்றைத் தங்கையிடமே கேட்டுக் கற்றார். சில நாள் கைக்குழந்தை மடியில் உறங்கும்; அக்காவின் பென்சில் நிற்காது.

ஈராண்டில் அத்தாவும் மாறிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மகளை இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூர் அனுப்பலாம் என்று முதலில் சொன்னவரே அவர்தாம். விண்ணப்பத் தாளை வாங்கிவந்து, அதனைத் தங்கையிடம் தராமல் அக்காவிடம் நீட்டினார்.

“உன் எழுத்துதானம்மா நம் வீட்டில் அழகு, நீயே நிரப்பிக் கொடு” என்றார்.

அக்கா நிரப்பினார். கல்வித் தகுதி என்ற கட்டத்தையும் நிரப்பினார்.