பெயருள்ள மாலுமிகள்

நான் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன்; நாற்காலியில் உட்கார்ந்தபடிதான்! போலந்துக்காரர்கள் செய்து, 2024-ல் முழு உருவம் பெற்ற 'யூபோட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் மாலுமிகள் வெறும் பொம்மைகள் அல்ல. பெயர் உண்டு, பசி, களைப்பு, மனச்சோர்வு எல்லாம் உண்டு.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஹிட்லரின் கடற்படை ஓட்டிய கப்பல் அது. 67 மீட்டர் நீளம். நாற்பதுக்கு மேல் ஆட்கள். ஒருவன் எழுந்த படுக்கையில் இன்னொருவன்! இரண்டு கழிவறைகளில் ஒன்று, புறப்படும்போது உணவுக் கிடங்கு!

சிரிக்கலாம். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்ததும் அடைப்பதற்கு யாரை அனுப்புவது? பெயர் தெரிந்தபின் கை தயங்குகிறது. நிஜத்தில் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திரும்பவில்லை.

நாம் குறி வைக்கும் சரக்குக் கப்பலோ, தூரத்தில் வெறும் நிழல். அதிலும் பெயருள்ள மாலுமிகள்தானே இருந்திருப்பார்கள்?