பூச்சுக்குப் பின்னால் போகும் கம்பி

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ மக்கள் இரண்டு மின்சாரங்களோடு வாழ்கிறார்கள். ஒன்று யானை வேலியில் ஓடுவது. வஸ்கமுவ தேசியப் பூங்காவின் ஓரமாக ஊர்களைச் சுற்றிப் போகும் அந்தக் கம்பியில் ஐயாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆனால் அது நொடிக்கு ஒரு தடவை, மிகச் சிறிய துடிப்பாக வந்து போவது. தொட்ட யானை பிளிறி விலகும், தொட்ட மனிதன் துள்ளி விழுவான், சாதாரணமாக உயிர் போவதில்லை. மற்றது வீட்டுக்கு வரும் 230 வோல்ட். அது விடாமல் ஓடுவது. அதை யாரோ திருட்டுத்தனமாக வயலோரம் இழுத்துக் கட்டினால் யானையும் சாகும், மாடும் சாகும், இரவில் வாய்க்கால் பார்க்கப் போனவரும் சாவார்.

அப்படியொரு சாவுச் செய்தி பத்திரிகையில் வந்திருந்தபோதுதான் மாத்தளை நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “வயல் கம்பியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். வீட்டுச் சுவருக்குள் போகும் கம்பியை யாரும் எழுதுவதில்லை. வில்கமுவவில் ஹெட்டிப்பொலப் பக்கம் எனக்குத் தெரிந்த வயரிங் பாஸ் ஒருவர் இருக்கிறார். கொரியாவில் வேலை செய்பவர் கட்டும் வீட்டில் ஹோம் தியேட்டர் அறைக்குக் கம்பி இழுக்கிறார். போய்ப் பாருங்கள்.”

ரத்தோட்டையில் ஏறி, ரிவர்ஸ்டன் கணவாயின் குளிரைக் கடந்து, இலுக்கும்புர வழியாக மறுபக்கம் இறங்கினால் வேறொரு நாடு. நக்கிள்ஸ் மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. செப்டெம்பர் மாதம், மண் வெடித்துக் கிடந்தது. அந்த வெடித்த மண்ணிலிருந்துதான் பாஸ் எனக்குப் பாடத்தைத் தொடங்கினார்.

வீட்டின் பின்புறம், குளியலறைத் தண்ணீர் வடியும் இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, நாலடி நீளச் செம்புப் பூச்சுக் கம்பியை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். எர்த் கம்பி. “இங்க வந்து பாருங்க சேர். வீட்டுக்காரங்க டிவி மாட்டுற செவுத்தக் காட்டுவாங்க. நான் மொதல்ல இந்தக் குழியத்தான் காட்டுவேன்” என்றார்.

காரணத்தைக் கணக்காகவே சொன்னார். நம் வீடுகளுக்கு மின்சார சபை இரண்டு கம்பி தருகிறது. மூன்றாவதான எர்த்தை வீட்டுக்காரர்தான் மண்ணில் தேட வேண்டும். ஈர மண்ணில் நன்றாக அடித்த கம்பியின் தடை இருபது ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஆம்பிளிபயரின் இரும்புப் பெட்டியில் உயிர்க்கம்பி உரசினால் மண்ணுக்கு இறங்கும் மின்னோட்டம் பதினோரு ஆம்பியருக்குச் சற்று மேல். கோடையில் மண் காய்ந்து தடை நூறு ஓமுக்கு ஏறினால் வெறும் 2.3 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கர் இந்த இரண்டையும் ஏதோ சாதனம் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்ளும், விழாது. பெட்டி முழுக்க மின்சாரம் நிற்கும். அந்த வேளையில் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். அதனால்தான் அவர் மண் மிகவும் காய்ந்த மாதத்தில் எர்த்தை அளக்கிறார். மாத்தளையிலிருந்து வாடகைக்கு எடுத்த கருவியால், இரண்டு முளைகளை நிலத்தில் குத்தி அளந்தார். அளவு பிடிக்கவில்லை. பத்தடி தள்ளி இன்னொரு கம்பி அடித்து இரண்டையும் இணைத்த பிறகே உள்ளே வந்தார்.

உள்ளே சுவர்கள் பூச்சுக்குக் காத்திருந்தன. வெட்டிய காடிகளில் பிவிசி குழாய்கள் இரண்டு வரிசையாகப் போயின. ஒன்று மின்சாரத்துக்கு. மற்றது சிக்னலுக்கு: ஸ்பீக்கர் வயர், எச்டிஎம்ஐ, டிஷ் கேபிள், இன்டர்நெட் கேபிள். இரண்டுக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி. ஓரிடத்தில் ஒன்றை ஒன்று தாண்ட வேண்டியிருந்தது. அங்கே நேர் செங்குத்தாகத் தாண்டின. மின்கம்பியில் நொடிக்கு நூறு தடவை திசை மாறும் மின்னோட்டம், பக்கத்தில் கூடவே ஓடும் மெல்லிய சிக்னல் கம்பியில் தன் இரைச்சலை ஏற்றிவிடும். நீளமாக ஒட்டிப் போனால் நிறைய ஏறும், குறுக்கே வெட்டிப் போனால் ஏறாது. இது ஒலிக்கான காரணம். உயிருக்கான காரணம் வேறு. ஒரே குழாயில் இரண்டையும் திணித்து, எலி கடித்தோ சூட்டில் உருகியோ மின்கம்பியின் உறை விட்டால், 230 வோல்ட் ஸ்பீக்கர் வயருக்கு ஏறும். அந்த வயரின் உறை அந்த அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அதன் மறு முனையைப் பிள்ளைகள் கையால் தொடுவார்கள்.

எச்டிஎம்ஐ குழாய் மட்டும் மற்றவற்றைவிடப் பெரியது. முனையிலிருக்கும் தலை வளைவுகளில் சிக்காமல் போக வேண்டும். ஐந்து மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே படம் தடுமாறத் தொடங்குகிறது. ஒளியிழைக் கேபிள் போட வேண்டும். அதற்குத் திசை உண்டு, மாற்றி இழுத்தால் படம் வராது. இந்தத் தொழில்நுட்பம் சில வருடத்தில் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலோன் கயிற்றை விட்டு வைத்தார். நாளை புதுக் கேபிள் வந்தால் கயிற்றில் கட்டி இழுக்கலாம், சுவரை உடைக்க வேண்டாம்.

டிவி மாட்டும் இடத்துக்குப் பின்னாலேயே 13 ஆம்பியர் சொக்கெட் வைத்திருந்தார். டிவியோடு வரும் வளையும் வயரைச் சுவருக்குள் புதைப்பது பல வீடுகளில் நடக்கிறது. அந்த வயர் காற்றில் தொங்கச் செய்யப்பட்டது. சுவருக்குள் புதைக்க அல்ல. டிவி, ஆம்பிளிபயர், டிஷ் பெட்டி, சப்வூபர் எல்லாவற்றுக்கும் டீபி எனப்படும் பிரேக்கர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு 7/0.67 கம்பி வந்தது. எல்லாம் ஒரே இடத்தில் மின்சாரம் எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே எர்த். வேறு வேறு அறையிலிருந்து எடுத்தால் இரண்டு எர்த் வழிகளுக்கிடையே சிக்னல் கேபிளின் வலையில் மின்னோட்டம் சுற்றும். ஸ்பீக்கரில் “ம்ம்ம்” என்று கேட்கும்.

இந்த இரைச்சல் பேச்சு வந்தபோதுதான் பாஸின் குரல் ஏறியது. “அந்தச் சத்தத்த நிப்பாட்ட என்ன செய்றாங்க தெரியுமா? பிளக்ல எர்த் வயர வெட்டி விட்ருவாங்க. சத்தம் நின்டுரும். வீட்டுக்காரன் கையெடுத்துக் கும்புடுவான். அவன் புள்ள ஒருநாள் அந்தப் பெட்டியத் தொடும்.”

அவர் அப்படிப் பேசக் காரணம் இருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வரிசைக்கு ஒரு மீட்டர். அடுத்த காம்பராவிலிருந்து மணிவயர் இழுத்து, பொலித்தீன் சுற்றி முடிச்சுப் போட்ட இணைப்புகளோடு கூரைத் தகரத்துக்கடியில் போன மின்சாரம். அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில் ஓர் இரவு கூரையில் பற்றியது. ஆட்கள் தப்பினார்கள். உடுப்பும் புத்தகமும் அடையாள அட்டைகளும் போயின. மறுவருடம் மாத்தளையில் ஒரு சிங்கள பாஸிடம் கையாளாகச் சேர்ந்தார். அந்த மனிதர் சம்பளம் குறைவாகத் தந்தாராம், வேலையை முழுதாகத் தந்தாராம். பிறகு தொழிற்பயிற்சி அதிகாரசபையில் என்.வி.கியூ. சான்றிதழ். ஹெட்டிப்பொலயில் கல்யாணம். இப்போது அவரிடம் சிங்களக் கிராமத்துப் பையன் ஒருவன் கையாளாக நிற்கிறான். இருவரும் பாதி தமிழும் பாதி சிங்களமுமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள்.

மாத்தளை பாஸ் சாகும்போது அவருக்கு விட்டுப்போனது ஒரு மெகர். பேக்கலைட் பெட்டி, பக்கவாட்டில் கைப்பிடி, மேலே முள். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் சிறு டைனமோ 500 வோல்ட் நேர்மின்னோட்டத்தைக் கம்பிக்குள் தள்ளும். உறை எவ்வளவு தாங்குகிறது என்று முள் காட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. நல்ல புதுக் கம்பியில் முள் கோடியைத் தொட்டு நிற்கும். இதைச் சுற்றுமுன் டிவி, ஆம்பிளிபயர் எதுவும் செருகியிருக்கக் கூடாது. 500 வோல்ட் அவற்றைக் கருக்கிவிடும். பாஸ் டீபிக்கு முன் குந்தி, பெட்டியை முழங்காலில் வைத்துச் சீராகச் சுற்றினார். பையன் குறிப்புப் புத்தகத்தில் எண்களை எழுதினான்.

தியேட்டர் அறைக் கம்பியில் முள் எழவில்லை. 0.3 மெகா ஓம்.

இதை அப்படியே விட்டாலும் வீட்டில் விளக்கு எரியும், டிவி ஓடும், ட்ரிப் சுவிட்ச் விழாது. 230ஐ மூன்று லட்சத்தால் வகுத்துப் பாருங்கள், கசிவு ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. யாருக்கும் எதுவும் தெரியாமல் வருடங்கள் போகும். மழைக்காலத்தில் சுவர் ஈரமாகும்போது அந்த இடம் மெதுவாக அரிக்கும், சூடேறும். கட்டடக் கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் சொன்னதும் அதுதான்: லைட் எரிகிறதல்லவா, மூடுங்கள். பாஸ் மூடவில்லை. கம்பியைப் பாதியாகப் பிரித்து, பிரித்த பாதியை மறுபடி பாதியாக்கிச் சுற்றிக்கொண்டே போனார். கடைசியில் சீலிங் தச்சர் அடித்த ஓர் ஆணி, குழாயைத் துளைத்துக் கம்பியின் உறையில் நின்றது. அந்தத் துண்டு முழுவதையும் உருவிப் புதுக் கம்பி இழுத்தார். முள் மேலே போனது. ரிசீவரில் ஒலியைச் சரிபார்க்கும் வேலை கண்டியிலிருந்து வரப்போகும் வேறொருவருடையது. இந்த அறையின் உண்மையான பரிசோதனை என் கண்முன் முடிந்திருந்தது.

அந்த அரை நாள் வேலைக்கு அவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. இங்கே வயரிங் கூலி பொயின்ட் கணக்கு. விளக்குக்கு ஒரு பொயின்ட், மின்விசிறிக்கு ஒரு பொயின்ட், சொக்கெட்டுக்கு ஒரு பொயின்ட். வீட்டுக்காரரிடம் கொந்தராத்துக்காரர் ஒரு விலை வாங்குகிறார், அதில் ஒரு பங்கை பாஸுக்குத் தருகிறார். இரண்டாவது எர்த் கம்பி பொயின்ட் இல்லை. ஓர் அடி இடைவெளி பொயின்ட் இல்லை. கயிறு விட்டு வைத்த குழாய் பொயின்ட் இல்லை. மெகர் சுற்றியது பொயின்ட் இல்லை. உயிரைக் காக்கும் ஒவ்வொரு வேலையும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. நேர்மையாகச் செய்பவன் நட்டப்படுகிறான், குறுக்கு வழியில் போனவன் அடுத்த வீட்டுக் கொந்தராத்தையும் எடுக்கிறான்.

கம்பியிலும் அதே கதை. 2022இல் மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, இறக்குமதிச் செம்பின் விலை மலை ஏறியது. அந்த இடைவெளியில் புகுந்தது செம்பு பூசிய அலுமினிய வயர். பாஸ் ஒரு ஸ்பீக்கர் வயரின் முனையைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார், சிவப்புக்கடியில் வெள்ளை. அலுமினியம் செம்பு கடத்துவதில் ஏறத்தாழ அறுபது வீதம்தான் கடத்தும், வளைத்தால் முறியும். இதைச் செம்பு என்று விற்கும் கடைக்காரரும், அதை வாங்கிப் போட்டால் பாஸுக்குக் கமிஷன் தருகிறேன் என்பவரும், “இன்ஸ்டலேஷன் இலவசம்” என்று சொல்லி ஒரு பையனை அனுப்பிப் பலகையோரமாக மின்வயரையும் சிக்னல் வயரையும் ஒன்றாகக் கட்டி ஆணியடித்துப் போகும் விற்பனையாளரும் ஒரே குற்றத்தின் பங்காளிகள். கொரியத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் செய்து ஒருவர் அனுப்பிய பணம் இவர்கள் கை வழியே போகிறது. சுவருக்குள் வந்து சேர்வது மலிவான கம்பியும், காசு கிடைக்காத உழைப்பும்.

இதற்கு மருந்து வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணிடம் பாஸ் சிங்களத்தில் சொன்னதை இங்கே எல்லாருக்கும் சொல்கிறேன். பூச்சுப் பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா வைத்துப் படமெடுங்கள். மெகர் எண்களையும் எர்த் அளவையும் எழுத்தில் வாங்குங்கள். ட்ரிப் சுவிட்சின் பரிசோதனைப் பொத்தானை மாதம் ஒரு தரம் அழுத்துங்கள். ஒக்டோபர், நவம்பரில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் கூரைமேல் டிஷ் வழியாகவும் வரும். எர்த் வயர் வெட்டிய பிளக் வீட்டில் இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

இவற்றோடு என்னுடையதாக ஒன்று. லட்சக்கணக்கில் கொடுத்து ஸ்பீக்கர் வாங்குபவர்களே, எர்த்துக்கும் தனிக் குழாய்க்கும் பரிசோதனைக்கும் தனித்தனியாகக் கூலி எழுதி, அதைக் கொந்தராத்துக்காரர் கையில் கொடுக்காமல் கம்பி இழுத்தவர் கையில் கொடுங்கள். உங்கள் பிள்ளை தொடப்போகும் பெட்டிக்குப் பின்னால் நிற்பது அவருடைய உழைப்பு.