படத்துக்குக் கீழே யார் பெயர்?

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 5 வந்தால் திருத்தணிப் பள்ளிக்கூடங்களில் ஒரே பேச்சுதான். 1888இல் இந்த ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டு வரை போய்ப் பேராசிரியராக இருந்தார், பிறகு குடியரசுத் தலைவர் ஆனார் என்று. நாங்களும் அதைக் கேட்டுக் கைதட்டி வளர்ந்தவர்கள்தான். 2023இல் எங்கள் காலனியிலிருந்து ஒரு பெண் கேமராவோடு இங்கிலாந்துக்குப் போனாள். ஒரு கலை அமைப்பில் நான்கு மாதம் இன்டர்ன்ஷிப். அதற்கு யாரும் மேடை போடவில்லை. போகட்டும். அவள் போய்வந்ததில் அவளும் நாங்களும் கற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது. அதை இளம் தோழர்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் என்றால், காலனியில் மாலை நேரப் பாடம் நடத்துகிற ஐந்து பேர். அவளும் எங்களில் ஒருத்தி. இந்தக் கட்டுரையில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதலில் அந்தப் படம். 2022 ஆடிக் கிருத்திகை. அன்றைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கட்டுக்கடங்காத கூட்டம். மலை முழுக்கப் பூக்காவடி, மயில் காவடி. அடிவாரத்தில் சரவணப் பொய்கை ஓரம் மொட்டைத் தலைகள். கேமராவோடு வருகிறவர்கள் காவடியைப் படம் எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் சென்னைக்குத் திரும்பிவிடுவார்கள். இவள் மறுநாள் விடியற்காலை போனாள். அவளுடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வாடிய பூ, எச்சில் இலை, பிளாஸ்டிக் டம்ளர், தலைமுடி எல்லாவற்றையும் அள்ளி முடித்துவிட்டு ஆறு பெண்கள் படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். துடைப்பங்கள் பக்கத்தில் கிடக்கின்றன. அம்மா ஏதோ சொல்ல, மற்ற ஐந்து பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பின்னால் 365 படிகளும் மேலே போகின்றன. அவ்வளவுதான் படம்.

விண்ணப்பத்துக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். அதனால்தான் இடம் கிடைத்தது என்று பிறகு அந்த அமைப்பே சொன்னது.

இடம் கிடைத்தால் போதுமா? மாத உதவித்தொகை கொடுத்தார்கள். ஆனால் விமானச் சீட்டும் விசா கட்டணமும் அவள் பொறுப்பு. அது போதாதென்று, 1,270 பவுண்டு அவள் கணக்கில் 28 நாள் அசையாமல் இருந்ததாக வங்கி அறிக்கை காட்ட வேண்டும். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். தினக்கூலி வீட்டில் எந்தப் பணம் 28 நாள் அசையாமல் இருக்கும்? மகளிர் குழுக் கடன், ஒரு சீட்டு, அம்மாவின் கம்மல், எங்கள் ஐந்து பேரின் கையிருப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது. அழைக்கிற அமைப்பே செலவுக்குப் பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பணத்தைக் காட்ட வேண்டியதே இல்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அரசு உதவித்தொகை இல்லையா என்று கேட்பீர்கள். பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். இன்டர்ன்ஷிப்புக்குக் கிடையாது. மொத்தமே ஆண்டுக்கு 125 இடங்கள். அதிலும் 2022இல் வந்த விதிமுறையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு உதவித்தொகை இல்லை என்று எழுதிவிட்டார்கள். பொறியியல் படிக்க வெளிநாடு போகலாம். நம்மை ஒடுக்குகிற சாதியைப் பற்றிப் படிக்க அந்தப் பணத்தில் போக முடியாது.

எப்படியோ போய்ச் சேர்ந்தாள். மூன்றாவது வாரம் பயிற்சியாளர்களை ஒரு நூலகத்துக்கு அழைத்துப் போனார்கள். 1868க்கும் 1875க்கும் இடையில் பிரிட்டிஷ் அரசு எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்ற ஒளிப்படத் தொகுப்பு அங்கே இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயர், குலத்தின் பெயர் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிற மனுஷனுடைய பெயர் இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனைப் பற்றி எங்கள் வகுப்பில் பேசியிருக்கிறோம். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து, 1909இல் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்று ஏழு தொகுதிகள் போட்டவர். அந்தப் புத்தகத்திலும் இதே கதைதான். அன்றைக்கு ராத்திரி போன் செய்தவள் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அக்கா, நம்ம ஆயா மாதிரியே ஒரு அம்மா. கேமராவையே பாக்குறாங்க. பேரு மட்டும் இல்ல” என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சியாளர்களின் படங்களை ஒரு சிறிய அறையில் காட்சிக்கு வைக்க ஏற்பாடு ஆனது. அவளுடைய படத்துக்கு அவர்கள் தயாரித்த குறிப்பு இது: ‘தீண்டத்தகாத சாதிப் பெண்கள், கோயில் திருவிழாவுக்குப் பின், தென்னிந்தியா.’

நூலகத்தில் பார்த்த அதே குறிப்பு! 150 வருஷத்தில் கேமரா மட்டும்தான் மாறியிருக்கிறது. அவள் மறுத்துவிட்டாள். ஆறு பேரின் பெயரையும் போட வேண்டும் என்றாள். இத்தனை பெயரை யார் படிப்பார்கள் என்று கேட்டார்கள். சாதியைச் சொல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு அரசியல் புரியாது என்றும் சொன்னார்கள். சாதியை மறைக்கச் சொல்லவில்லை, பெயரை முதலில் எழுதுங்கள், அந்த வேலை ஏன் இவர்கள் தலையில் விழுகிறது என்பதைப் பிறகு எழுதுங்கள் என்று அவள் வாதாடினாள். கடைசியில் அமைப்பின் பொறுப்பாளர் ஒரு கேள்வி கேட்டாராம்: “அந்தப் பெண்கள் சம்மதம் கொடுத்தார்களா?”

அவளிடம் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

அன்று இரவு எங்களுக்கு மணி பத்து, அவளுக்கு ஐந்தரை. “வீடு வீடா போய்க் கேட்டுட்டு வர்றீங்களா?” என்றாள். மறுநாள் சாயங்காலம் போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கிளம்பினோம். முதல் வீடு அவள் வீடு. அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துப் போனோம். படத்தைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “இந்தப் போட்டோவ வச்சித்தான் சீமைக்குப் போனாளா? என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? நீங்க கேட்டீங்களா?” பெற்றவள்தானே, தனியாகக் கேட்க வேண்டுமா என்று மகள் நினைத்திருக்கிறாள். நம் சனங்கள்தானே என்று நாங்கள் நினைத்திருக்கிறோம். வெள்ளைக்காரன் கேட்கவில்லை, தர்ஸ்டன் கேட்கவில்லை என்று வகுப்பில் நரம்பு புடைக்கப் பேசிய நாங்கள், எதிர் வீட்டு அம்மாவைக் கேட்கவில்லை. தலை குனிந்து நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாவே, “சரி, எம்பேர எங்கப்பன் பேரோட போடச் சொல்லு” என்றார்.

இரண்டாவது அக்கா, “எம்பேர் அங்க எழுதுனா எனக்கு இன்னா வரும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்றும் வராது என்று உண்மையைச் சொன்னோம். ஒரு போட்டோ பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் சம்மதம் என்றார். அடுத்த வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரியம்மா. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனாலும் எங்கள் தெருக்களில் இரண்டு மொழியும் இருக்கிறது. அவருக்குத் தெலுங்கில் விளக்கினோம். “நா பேரு கூடா ராயி” என்றார், என் பெயரையும் எழுது என்று. இன்னும் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். ஆறாவது வீட்டில் மட்டும் முடியாது என்றார்கள். “மூஞ்சி இருக்கட்டும், நல்லாத்தான் கீது. பேரு வேணாம். சூப்பர்வைசர் எங்கனா பாத்துட்டா நாளைக்கு வேலைக்கு வராதன்னு சொல்லிடுவான்.”

சுவரில் கடைசியாக இருந்த குறிப்பு இதுதான்: தமிழிலும் ஆங்கிலத்திலும் ஐந்து பெயர்கள், ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’, ‘ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், திருத்தணி, 2022’. அதற்குக் கீழே, இந்த வேலை இன்றும் தலித்துகள் மேலேயே சுமத்தப்படுகிறது என்று ஒரு வரி. அந்த ஐந்து பெயர்களையும் நாங்கள் இங்கே எழுதவில்லை. அந்தச் சுவருக்குத்தான் கேட்டோம். இதற்குக் கேட்கவில்லை.

வெளிநாடு போனால் சாதி விட்டுவிடும் என்று யாரும் கனவு காண வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில், இந்திய வம்சாவளி ஒருவர் அவளிடம் முழுப் பெயர் என்ன, அப்பா என்ன வேலை, சைவமா என்று மூன்று கேள்வியில் விஷயத்துக்கு வந்துவிட்டாராம். பிரிட்டனின் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். போகிற நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

திரும்பி வந்தவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. கேமராவையும் இங்கிலாந்தையும் கேட்டு மகிழ்ந்த வீட்டுக்காரர்கள், சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டதும் வேறு ஆள் வருவதாகச் சொன்னார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குப் போய், லண்டனிலும் படித்துவிட்டு, 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்காமல், ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைச் சொல்லித்தான் தங்க வேண்டியிருந்தது. சில நாளில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. அவ்வளவு படித்த மனிதர் தன் பெயரைச் சொல்லித் தங்க முடியவில்லை. இவள் இந்தக் கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று சொன்னதற்கும் அதுதான் காரணம். இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தப் பாதையில் இவளுக்கு முன்னால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனி குமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தில் ஒளிப்பதிவு செய்தார். 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலில் பெற்றவர் அவர். இப்போது மற்ற பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன், 2020 ஊரடங்கில் சொந்த வீட்டுக்குத் திரும்பித் தன் குடும்பத்தையே படம் எடுத்தார். நியூயார்க்கின் மேக்னம் அறக்கட்டளை 2021இல் அவருக்கு ஒளிப்படத்துக்கும் சமூக நீதிக்குமான நல்கை கொடுத்தது. இருவரும் தம் சொந்த மனிதர்களை எடுத்த படங்களோடுதான் உலகத்தின் முன் போய் நின்றார்கள். அவர்களுடைய வேலையைத் தேடிப் பாருங்கள்.

விண்ணப்பிக்கிற தோழர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்வது இது. சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் என்றால், அது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்காகப் போட்டது. பயணச் செலவைக் கேளுங்கள். விசாவுக்குப் பொறுப்பேற்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் படத்துக்குக் குறிப்பு எழுதுவது யார் என்பதை முதல் வாரமே பேசி முடியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தில் இருக்கிறவரிடம் போய்க் கேளுங்கள். அம்மாவாக இருந்தாலும் கேளுங்கள். நாமும் தலித்துதான் என்பது அனுமதிச் சீட்டு ஆகாது.

எங்கள் மாலை வகுப்பில் இப்போது எட்டுப் பிள்ளைகள் ஒரு பழைய கேமராவை மாற்றி மாற்றி வைத்துப் பழகுகிறார்கள். கூடவே ஒரு நோட்டு இருக்கிறது. யாரைப் படம் எடுத்தோம், எதற்கு என்று சொன்னோம், பெயர் போடலாமா, கூடாதா என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதி வைக்கிறார்கள். அதில் முதல் பக்கத்தில் ஆறு பேர். படிக்கத் தெரிந்தவர்கள் கையெழுத்தும் மற்றவர்கள் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள். ஆறாவது அக்கா பெயர் எழுதுகிற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: ‘இப்போதைக்கு வேண்டாம்.’

ஜெய் பீம்.