எந்த விமானம்?

விமானி ஆவதென்று முடிவு செய்துவிட்டேன். எந்த விமானத்துக்கு என்பதுதான் கேள்வி. பயணிகள் விமானம் ஓட்ட வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு எங்கள் முக்கால் ஏக்கரை விற்றாலும் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும்.

விமானப் படையோ, ஐதராபாத் அருகே துண்டிகலில் செலவின்றிப் பழக்கி, பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகையும் அளிக்கிறது. பின்னர் 14 ஆண்டுப் பணி. இதற்குப் பெயர் குறுகிய காலப் பணியாம்! அது முடிந்து பயணிகள் விமானத்துக்கு வரலாமே என்கின்றனர் நண்பர்கள். கணக்கு சரிதான். ஆயினும், பறக்கும் ஆசைக்காகக் குண்டு வீசவும் சம்மதிப்பேனா? பணமில்லை என்பது இதற்கு விடையாகாதே.

"சண்டை வந்தா நீயும் போகணுமா?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா" என்றேன். குரல் தடுமாறாதது எனக்கே வியப்பாயிருந்தது.