கம்பத்துக்காரரும் நாலு மிடறு ஒயினும்

புனேயிலிருந்து சோலாப்பூர் போகும் நெடுஞ்சாலையில் கார் ஏறியதும் கம்பத்துக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அங்கே சோறு கிடைக்குமா மாப்ளே?" ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் சிரித்தார். இருவரும் கல்லூரி விடுதியில் ஒரே அறைவாசிகள். ஒருவருக்கு இப்போது புனேயில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவருக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் நாலு ஏக்கர் பன்னீர் திராட்சை.

அது 2018 பிப்ரவரி. யவத்தில் மிசல் பாவ். வழியெல்லாம் கரும்பு வண்டிகள். பாடஸைத் தாண்டினால் ரோட்டி கிராமம்; குன்றின் மேல் கோட்டை போல ஃபோர் சீசன்ஸ் ஒயின் ஆலை. கம்பத்துக்காரர் சுற்றுலாப் பயணியாகத்தான் தெரிந்தார். பன்னீரைப் பிடுங்கிவிட்டு ஒயின் திராட்சை வைக்கலாமா என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் ஒரு ஷிராஸ் பழத்தை வாயில் போட்டார். பட்டாணி அளவு, தடித்த தோல், உள்ளே விதை. ஆனால் இனிப்பு உதட்டில் ஒட்டியது. இங்கே குளிர்காலத்தில் கொடி உறங்குவதில்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு கவாத்து. அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச் வரை. இதெல்லாம் அவருக்குப் புதிதல்ல. சுவை திரள்வதற்காகக் குலைகளில் ஒரு பகுதியை வெட்டி எறிவார்கள் என்று வழிகாட்டி இளைஞர் சொன்னபோதுதான் நின்றுவிட்டார். "காய்ச்சதை வெட்டிப் போடுறதா?" எடையை வைத்தே மதிப்பிடப் பழகியவருக்கு அது பாவமாகப்பட்டது.

எஃகுத் தொட்டிகள், ஓக் பீப்பாய்கள் என்று சுற்றிவிட்டு மேசைக்கு வந்தார்கள். நாலு கோப்பை, ஒவ்வொன்றிலும் ஒரு மிடறு. வண்டி ஓட்ட வேண்டிய நண்பர் முகர்ந்து, கொப்பளித்து, பாத்திரத்தில் துப்பினார். கம்பத்துக்காரர் விழுங்கினார். ஷெனின் பிளாங்க் பிடித்தது. ஷிராஸ் "நாவப்பழம் தின்ன மாதிரி" இருந்தது. ஒயின் நிபுணர்களும் இதைவிடப் பெரிதாக எதுவும் சொல்லிவிடுவதில்லை.

சாப்பாட்டின்போது நண்பர் நாராயண்காவ் கதையை எடுத்தார். புனேக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் ஷாம்ராவ் சௌகுலே 1980-களில் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தில் நுரை ஒயின் தயாரித்தார். 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் அது கடல் கடந்து போனது. 2001-ல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்குச் சலுகைகள் அறிவித்ததும், விவசாயிகள் பலர் ஒயின் திராட்சைக்கு மாறினார்கள். 2008-ல் உலகப் பொருளாதார நெருக்கடி. நவம்பரில் மும்பைத் தாக்குதல். ஓட்டல்கள் காலியாயின, ஒயின் தேங்கியது. சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் கடனில் மூழ்கியது. வாங்க ஆளில்லாமல் பல ஊர்களில் கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள்.

"சந்தையில வித்திருக்கலாமே?"

"விதையும் தோலுமா இருக்கிறதை யார் வாங்குவா? நீயே பட்டாணின்னு சொன்னே."

கம்பத்துக்காரர் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது ஒரு பாட்டில் ஷிராஸ் வாங்கினார். அப்பா குடிப்பவரல்ல, காட்டுவதற்கு.

ஹடப்சர் நெரிசலில் வண்டி நின்றபோது ஊரிலிருந்து போன். "கிலோ என்ன விலைக்கு எடுக்கிறாங்களாம்?"

"விலை பரவாயில்லப்பா. எடுக்கிறவன் ஒருத்தன்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, நாளைக்குக் கவாத்துக்கு ஆறு ஆள் வருகிறார்கள், கூலிக்குப் பணம் அனுப்பு என்றார் அப்பா.