உப்பில்லாக் கீரையும் வருமானச் சான்றும்

ஒரே மேசையின் மீது, ஒரே பிற்பகலில் இரண்டு மனுக்களை எழுத நேர்ந்தது. ஒன்று, தமக்கு வருமானம் உண்டென்று மெய்ப்பிக்க வேண்டிய ஒருவருக்கானது. மற்றொன்று, தமக்கு வருமானம் இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டிய ஒருவருக்கானது. இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். ஒரே வீட்டில் பகலைக் கழிப்பவர்கள். 2024ஆம் ஆண்டுக் கோடையில் குயிலாப்பாளையத்தில் நடந்தது இது. நமது தமிழ்ப் படிப்பால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பும் இதில் அடக்கம் என்பதால் மறைக்காமல் எழுத முனைகிறோம்.

குயிலாப்பாளையம், விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துச் சிற்றூர். ஆரோவில்லுக்குச் செல்வோர் இவ்வூரின் கடைத்தெருவைக் கடந்தே செல்வர். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது 124 நாடுகளிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் இட்டார்கள். மண்ணுக்கு விசா தேவைப்படவில்லை. மனிதர்க்குத் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது. 1988இல் நாடாளுமன்றம் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அங்கு நெடுநாள் தங்கும் அயல்நாட்டார்க்கு அறக்கட்டளையின் பரிந்துரை வேண்டும். அதற்குமேல் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தின் இசைவும் வேண்டும். 2018 முதல் இந்த விண்ணப்பங்கள் இணையவழி சென்றன. 2025 செப்டம்பரில் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் நீங்கிப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கென்று தனி விசா நமது நாட்டில் இல்லை. ஆகவே இங்கே முதுமையடையும் அயலார் வேறு ஏதேனும் ஒரு வகைக்குள் தம்மைப் பொருத்திக்கொண்டு, தவணை முடியுந்தோறும் நீட்டிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

நாம் சொல்லும் அம்மையார் பிரான்சு நாட்டவர். பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவுக்குப் பின்னுள்ள வாடகை வீட்டில் வாழ்கிறார். அவ்வாண்டு அவரது கோப்பில் ஒரு குறை சுட்டப்பட்டது: பிறர் கையை எதிர்பாராமல் வாழப் போதிய வருவாய் உண்டென்பதற்கு ஒரே தாளில் தெளிவான சான்று வேண்டும்.

ஒரே தாள் என்பதுதான் இடர். பிரான்சில் அடிப்படை ஓய்வூதியம் ஒரு நிதியத்திலிருந்தும் துணை ஓய்வூதியம் வேறொரு நிதியத்திலிருந்தும் வரும். இரண்டு கடிதங்கள், இரண்டு தொகைகள், இரண்டும் பிரெஞ்சு மொழியில். தொகை யூரோவில் வருகிறது. வங்கியில் ரூபாயாக மாறும்போது மாதந்தோறும் வேறுபடுகிறது. அம்மையார் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தம் நாட்டுக் கணக்கிலேயே விட்டுவைத்து, அட்டையைக் கொண்டு புதுச்சேரியில் பணம் எடுத்து வந்தார். இயந்திரத்திலிருந்து எடுத்த பணம், வங்கியேட்டில் உள்வரவாகக் காண்பதில்லை. இருபது ஆண்டுகளாக உண்டு, உடுத்து, வாடகை தந்து வாழ்ந்தவர், காகிதத்தில் பாதி வருவாய் உடையவராகிப் போனார்.

கடிதங்களைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப் புதுச்சேரியில் ஒரு சொல்தாவை நாடினோம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் தமிழரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு மாதத்திற்குள் எழுதித் தர வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு எழுதித் தந்த குடும்பத்தில் வந்தவர் அவர். அம்மையாரின் தாள்களைப் புரட்டிவிட்டு, "நான் உயிரோடு இருக்கேன்னு அவங்களுக்கு வருசா வருசம் எழுதி அனுப்புறேன். இந்தம்மா பணத்தோட இருக்காங்கன்னு இவங்களுக்கு அனுப்பணும். அவ்ளோதான் வித்தியாசம்" என்றார்.

இது இந்த ஊருக்கு மட்டும் உரிய துன்பமன்று. தாய்லாந்தில் ஐம்பது வயது நிறைந்த அயலார் ஓய்வுக்காலத் தங்கலை ஆண்டுதோறும் நீட்டிக்க, வங்கியில் எட்டு இலட்சம் பாத் வைப்பு, அல்லது மாதம் அறுபத்தையாயிரம் பாத் வருவாய் காட்டும் முறை பல ஆண்டுகளாக உள்ளது. வருவாய்க்குத் தத்தம் தூதரகம் தந்த கடிதமே நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. 2019 தொடக்கத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் அக்கடிதம் தருவதை நிறுத்திவிட்டன. தம் குடிமக்கள் சொல்லும் தொகை மெய்யென்று தம்மால் உறுதி கூற இயலாது என்பதே சாரம். ஒருவர் சொல்லுக்கு அவரது நாடே பிணை நிற்காத காலத்தில் வங்கியேடுதான் நாவாகிறது.

இனி, மற்றவரைச் சொல்ல வேண்டும். அம்மையார் வீட்டில் பாத்திரம் துலக்கி, வாசல் பெருக்கும் ஆயா மரக்காணத்துப் பக்கத்தவர். பத்து வயதில் உப்பளத்தில் இறங்கியவர். தை பிறந்ததும் பாத்திகளை மிதித்து இறுக்கி, நீர் பாய்ச்சி, வெயிலேற ஏற வெண்மையாகத் திரளும் உப்பை வாரிக் கரையேற்றும் வேலை. ஐப்பசி மழை வந்தால் வேலையும் கூலியும் ஒருசேரக் கரைந்துவிடும். அந்த மழைக்காலத்திற்கென அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது 2022இல். அதற்கு வெகுமுன்பே ஆயா கால் வெடிப்பும் கண் கூச்சமுமாக உப்பளத்தை விட்டு, மகள் வீடிருக்கும் குயிலாப்பாளையத்திற்கு வந்துவிட்டார். நியாயவிலைக் கடை இயந்திரத்தில் அவரது ரேகை இன்றும் எளிதில் பதிவதில்லை. விரல் நுனியை உப்பு தின்றிருக்கிறது.

அவருக்கு முதியோர் உதவித்தொகை வேண்டும். 2011இல் ஆயிரம் ரூபாயாக்கப்பட்ட அத்தொகை, 2023இல் 1,200 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. அதைப் பெற, வறியவர் என்பதும் தாங்குவார் இல்லை என்பதும் விசாரணையில் தெளிவாக வேண்டும்.

அன்றைய பிற்பகல், அம்மையார் தம் மாதச் செலவுப் பட்டியலைத் தாமாகவே எழுதி வைத்திருந்தார். யாரும் அதைக் கேட்கவில்லை. வருவாயைக் காட்டுபவர் செலவையும் காட்டுவதே நேர்மை என்பது அவர் எண்ணம். வாடகை, மின்சாரம், மருந்து, காய்கறி என்று இறங்கி வந்த பட்டியலில் ஐந்தாவது வரி: வீட்டு வேலைக்கு, நாலாயிரம் ரூபாய்.

அந்த வரியைப் படித்தபோது நமது கைக்கடியில் ஆயாவின் மனு இருந்தது. அதில் நாமே எழுதியிருந்த வாசகம்: வருமானம் எதுவும் இல்லை. ஒரு தாளில் செலவாக நிற்கும் தொகை மறுதாளில் வருமானமாக நிற்க மறுத்தது. ஆயாவை அழைத்துக் கேட்டோம். அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அது வருமானமா சார்? நான் வந்தாத்தான் அது வருது. கால் வீங்கிப் படுத்துட்டா வராது. நான் போவலைன்னாலும் வருதே, அம்மாவுக்கு வர்ற மாதிரி, அதுக்குப் பேருதான வருமானம்?"

பொருளியல் நூல்கள் இதற்கு என்ன சொல்லும் என்று ஆராயவில்லை. சொல்லின் பொருளாக அது நமக்குச் சரியாகவே பட்டது. அம்மையாரிடம், பட்டியல் தேவையில்லை என்று கூறி எடுத்துவிட்டோம். ஆனால் ஆயாவின் மனுவை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. எழுத்தில் பொய் கூடாது என்று முப்பது ஆண்டுகளாகக் கற்றதும் கற்பித்ததும் குறுக்கே வந்து நின்றது. ஆகவே ஒரு சொல்லைச் சேர்த்தோம்: "நிலையான வருமானம் எதுவும் இல்லை." பொய்யுமில்லை, காட்டிக்கொடுத்தலுமில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதமும் கொண்டோம்.

விசாரணைக்கு வந்தவர் அந்தச் சொல்லின் மீதுதான் விரலை வைத்தார். நிலையானது இல்லையென்றால், நிலையில்லாதது உண்டுதானே? எவ்வளவு? யார் தருகிறார்? ஆயா நமது எழுத்தைக் காக்கவும் முடியாமல், தம்மைக் காக்கவும் தெரியாமல் நின்றார். மனு திரும்பியது.

அன்றிரவு சிறுபாணாற்றுப்படையை மறுபடி எடுத்தோம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது அது. அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டிய கடற்கரையோடு பொருத்துவர் ஆய்வாளர். கிடங்கில் திண்டிவனத்தை அடுத்தது. உமணர் வண்டிகள் செல்லும் அதே பாட்டில்தான் பாணன் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறான். அடுப்படியில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்பும் இல்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அந்நாட்டுத் தலைவனின் வாயிலோ பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படுவதில்லை.

வகுப்பில் இப்பகுதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். உப்பு விளையும் நாட்டைப் பாடும் பாட்டில் உப்பில்லாத உணவு என்னும் முரணைச் சுட்டி நயம் பாராட்டியிருக்கிறோம். அடைத்த கதவைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. உள்ளே இருப்பதை அவள் மறைத்தது ஏமாற்றுவதற்கன்று. வறுமையைப் பிறர் சோதித்துப் பார்ப்பது வறுமையினும் கொடிது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாம் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயாவின் கதவைத் திறந்துவிட்டோம். அம்மையாரின் பட்டியலையோ ஓசையின்றி மடித்து எடுத்துவைத்தோம். இருவர்க்கும் ஒரே அளவு நேர்மையை நாம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மையாரின் கோப்பு நிறைவேறியது. பிரான்சுப் பணம் முழுவதையும் இங்குள்ள கணக்குக்கே வரச்செய்து, உள்வரவுச் சான்றோடு வங்கி தந்த ஒரே தாளை இணைத்தார். ஓராண்டு நீட்டிப்புக் கிடைத்தது.

ஆயா மறுபடி மனு எழுதச் சொன்னார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க சார்" என்றார். எடுத்துவிட்டோம். முதல் மனுவே தேறியிருந்தால் தொடங்கியிருக்கக்கூடிய மாதத்திலிருந்து ஏழு மாதம் கழித்து முதல் தொகை வந்தது. ஏழு மாதத்திற்கு 8,400 ரூபாய். ஒரு பெயரடைக்கு அவ்வளவு விலை கொடுத்ததை வேறெங்கும் கண்டதில்லை, கொடுத்தவர் நாமல்லர். ஈடு செய்ய முயன்றபோது ஆயா வாங்க மறுத்துவிட்டார். அதற்கும் கணக்கு எழுதுவார்களோ என்ற அச்சம் அவர் முகத்தில் இருந்ததாக நமக்குப் பட்டது; வேடிக்கைக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

ஓராண்டு கழித்துப் பிரான்சிலிருந்து இரண்டு கடிதங்கள் மறுபடி வந்தன. அதே மேசையில் பிரித்துவைத்துக் கொண்டிருந்தபோது ஆயா தேநீர் கொண்டுவந்தார். தாள்களைப் பார்த்துவிட்டு, "அம்மாவ இன்னும் நம்பலையா அவங்க?" என்று கேட்டார். இல்லை என்றோம். "என்னையும் வருசா வருசம் கேப்பாங்களா?" என்றார். உயிரோடு இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்கக்கூடும் என்றோம். "அத வந்து பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.